இருட்டியபின் ஒன்றரை மணி நேரம்: வெறுங்கண்ணால் செயற்கைக்கோள் பார்க்க ஒரு கணக்கு

செயற்கைக்கோளில் விளக்கு கிடையாது. இரவு வானில் நகரும் புள்ளியாக நாம் காண்பது அதன் உடம்பிலும் சோலார் பேனலிலும் பட்டுத் திரும்பும் வெயிலைத்தான். ஆகவே மூன்று நிபந்தனைகள் ஒருசேர அமைய வேண்டும். நாம் நிற்கும் இடத்தில் இருட்டியிருக்க வேண்டும். தலைக்கு மேலே சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் இன்னும் வெயில் அடித்துக்கொண்டிருக்க வேண்டும். அந்த வெயிலுக்குள் ஏதாவது ஒன்று அந்த நேரம் பார்த்துக் கடக்க வேண்டும். முதல் இரண்டும் கூடி வருவது அந்திக்குப் பின் கொஞ்ச நேரமும் விடியலுக்கு முன் கொஞ்ச நேரமும்தான். நள்ளிரவில் மொட்டைமாடியில் பாய் விரித்துப் படுத்துத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் வெறுங்கையோடு இறங்குவதற்குக் காரணம் இதுவே. அந்நேரம் மேலே போகும் தாழ்ந்த செயற்கைக்கோள்கள் அனைத்தும் பூமியின் நிழலுக்குள் போகின்றன.

அந்தக் 'கொஞ்ச நேரம்' எவ்வளவு என்பதைக் கணக்கிட்டுவிடலாம். 420 கி.மீ. உயரத்தில் நம் உச்சிக்கு நேராக இருக்கும் பொருளுக்கு, சூரியன் தொடுவானத்துக்குக் கீழே ஏறக்குறைய 20 டிகிரி இறங்கும்வரை வெயில் படும். 550 கி.மீ. என்றால் 23 டிகிரி, 800 கி.மீ. என்றால் 27 டிகிரி. சென்னை 13 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது, யாழ்ப்பாணம் 10-க்குச் சற்றுக் குறைவு, கன்னியாகுமரி 8. இந்த அட்சரேகைகளில் சூரியன் கிட்டத்தட்ட செங்குத்தாகவே இறங்குகிறது. மணிக்குச் சுமார் 15 டிகிரி. அப்படியானால் சர்வதேச விண்வெளி நிலையம் உச்சியில் தெரிய, சூரியன் மறைந்து 80 நிமிடம்வரைதான் வாய்ப்பு. 550 கி.மீ. உயரத்தில் இருப்பவற்றுக்கு 95 நிமிடம். 800 கி.மீ. உயரத்தில் சுற்றும் ராக்கெட் கழிவுகளுக்கு இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு.

லண்டனில் கதை வேறு. ஜூன் மாத நள்ளிரவில்கூட அங்கே சூரியன் 15 டிகிரிதான் இறங்கியிருக்கும். விண்வெளி நிலையம் ராத்திரி முழுக்க, ஒன்றரை மணிக்கு ஒருமுறை எனத் தெரிந்துகொண்டே இருக்கலாம். ஐரோப்பிய, கனடிய வாசகர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்ட கையேடுகளை வைத்துக்கொண்டு திருச்சியில் வானம் பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். லண்டனிலோ டொராண்டோவிலோ இருக்கும் தமிழர்களுக்கு இந்தக் கட்டுரையின் நேரக் கணக்கு பொருந்தாது, மற்றவை பொருந்தும்.

தொடக்க நேரத்துக்கும் ஒரு வரம்பு உண்டு. சூரியன் மறைந்து 25 நிமிடம் ஆனால் பிரகாசமானவை தெரியத் தொடங்கும். மங்கலானவற்றுக்கு 50 நிமிடமாவது பொறுக்க வேண்டும். ஆக, சென்னையில் சூரியன் ஆறேகாலுக்கு மறையும் நாளில் ஏழு மணி முதல் ஏழே முக்கால் வரை பொன்னான நேரம். விடியலில் இதே கணக்கைத் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். தூக்கம் கெட்டாலும் விடியற்காலைக்கு ஒரு அனுகூலம் இருக்கிறது. புழுதியும் புகையும் அடங்கியிருப்பதால் வானம் தெளிவாக இருக்கும்.

இன்னொன்று: பூமியின் நிழல் மாலையில் கிழக்கிலிருந்து மேலேறுகிறது. பெரும்பாலான செயற்கைக்கோள்கள் மேற்கிலிருந்து கிழக்காகப் போகின்றன. எனவே மாலையில் அவை நிழலை நோக்கியே போகின்றன. நட்டநடு வானத்தில் நன்றாக ஒளிர்ந்துகொண்டிருந்த புள்ளி, மேகமே இல்லாமல், சில விநாடிகளில் மங்கி இல்லாமல் போகும். அணைவதற்குச் சற்றுமுன் லேசாகச் சிவக்கும். செயற்கைக்கோளைப் பொறுத்தவரை அதுதான் சூரிய அஸ்தமனம். வளிமண்டலத்தை உரசி வரும் சிவந்த ஒளி அதன்மேல் விழுகிறது. காலையில் எதிர்மாறாக, மேற்கு வானத்தில் எங்கோ ஓரிடத்தில் திடீரென்று தோன்றிக் கிழக்கே போகும். இப்படிக் 'காணாமல் போன விளக்கு'களிலிருந்துதான் பறக்கும் தட்டுக் கதைகளில் பல பிறக்கின்றன.

எதிலிருந்து தொடங்குவது

சந்தேகமே இல்லாமல் சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து. 109 மீட்டர் அகலம், அதில் பெரும்பகுதி சோலார் பேனல். நல்ல கடப்பில் (நம் வானத்தை ஒருமுறை கடந்து போவதைக் கடப்பு என்போம்) வெள்ளிக் கோளுக்கு நிகராக ஒளிரும். நகரத்து வெளிச்சம் இதை மறைக்க முடியாது. தியாகராய நகரில் நின்றும் பார்க்கலாம். விநாடிக்கு 7.66 கி.மீ. வேகத்தில், 93 நிமிடத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றுகிறது. நிலநடுக்கோட்டுக்கு 51.6 டிகிரி சாய்வான பாதை என்பதால் நம் ஊர்களுக்கு மேலே இரண்டே விதமாகத்தான் வரும்: தென்மேற்கிலிருந்து வடகிழக்கு, அல்லது வடமேற்கிலிருந்து தென்கிழக்கு. வேறு திசையில் போகும் ஒன்றைக் காட்டி யாராவது 'அதோ ஸ்பேஸ் ஸ்டேஷன்' என்றால் நம்ப வேண்டாம்.

ஏன் எல்லா நாளும் தெரிவதில்லை? அதன் சுற்றுப்பாதையின் தளம், பூமியின் நடுப்பகுதி சற்றுப் பருத்திருப்பதால், நாளுக்கு ஏறத்தாழ 5 டிகிரி மேற்கு நோக்கித் திரும்புகிறது. சூரியனும் நாளுக்கு ஒரு டிகிரி கிழக்கே நகர்கிறது. இரண்டும் சேர்ந்து 6 டிகிரி. அதாவது கடக்கும் நேரம் சராசரியாக நாளுக்கு 24 நிமிடம் முன்னே வந்துகொண்டே இருக்கும். 80 நிமிட மாலைச் சன்னலை நாளுக்கு 24 நிமிடம் என்ற கணக்கில் கடந்தால், நாலைந்து நாளில் அந்த வாய்ப்பு முடிந்துவிடும். முழுச் சுழற்சிக்கு 60 நாள். அதற்குள் ஒரு முறை தென்மேற்கு வழியாகவும் இன்னொரு முறை வடமேற்கு வழியாகவும் மாலைக் கடப்புகள் அமையும். ஆகவே ஒரு வாரம் பார்த்துவிட்டு 'இப்போதெல்லாம் வருவதில்லையே' என்று விட்டுவிடக் கூடாது. ஒரு மாதம் கழித்துத் திசை மாறி வரும்.

2025 ஜூன் கடைசியிலிருந்து ஜூலை நடுப்பகுதிவரை இந்திய விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா அங்கே தங்கியிருந்தபோது நிலையத்தைத் தேடி வானத்தைப் பார்த்தவர்கள் ஏராளம். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம் என்பதால் தென்னகத்தின் பல ஊர்களில் மேகம் குறுக்கிட்டது. இங்கே வானம் தொடர்ந்து ஒத்துழைக்கும் காலம் தை முதல் பங்குனி வரை. ஐப்பசி, கார்த்திகையில் முன்கூட்டியே திட்டம் போடுவது வீண்வேலை.

நிலையம் எவ்வளவு பரந்த நிலப்பரப்புக்குத் தெரிகிறது என்பதைப் பலரும் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். அது மதுரைக்கு நேர் உச்சியில் போகும்போது சென்னையில் நிற்பவருக்குத் தென்மேற்கே 42 டிகிரி உயரத்தில் தெரியும். கொழும்புக்கு மேலே இருந்தால் 27 டிகிரி. மும்பைக்கு மேலே இருந்தால்கூட வடமேற்கே 17 டிகிரியில் இருக்கும். ஆனால் உயரம் குறையக் குறையத் தொலைவு கூடுகிறது. உச்சியில் 420 கி.மீ.; தொடுவானத்துக்கு 10 டிகிரி மேலே இருக்கும்போது 1,500 கி.மீ. வெளிச்சம் தொலைவின் வர்க்கத்துக்கேற்பக் குறைவதால், அங்கே அது பன்னிரண்டில் ஒரு பங்குதான் ஒளிரும். காற்றுத் தூசி மறைப்பது தனி.

அடுத்தது சீனாவின் தியான்கோங் நிலையம். 2021 ஏப்ரலில் முதல் பகுதி ஏவப்பட்டது. 2022 இறுதியில் கட்டி முடிந்தது. சாய்வு 41.5 டிகிரி, உயரம் ஏறத்தாழ 390 கி.மீ. சர்வதேச நிலையத்தைவிடச் சிறியது, ஆனாலும் நல்ல கடப்பில் சிரியஸ் விண்மீனோடு போட்டிபோடும்.

மூன்றாவதாக, நம் அட்சரேகைக்கென்றே வாய்த்த ஒன்று: ஹபிள் தொலைநோக்கி. 1990 ஏப்ரல் 24-இல் ஏவப்பட்ட இதன் பாதைச் சாய்வு 28.5 டிகிரி மட்டுமே. அதனால் பிரிட்டனிலோ ஜெர்மனியிலோ இருப்பவர்கள் இதை வெறுங்கண்ணால் பார்ப்பது ஏறக்குறைய நடக்காத காரியம். அவர்களில் பெரும்பாலோருக்கு அது தொடுவானத்தைத் தாண்டி எழுவதே இல்லை; தெற்கு ஓரத்தில் இருப்பவர்களுக்கும் தொடுவானத்தை ஒட்டியே போய்விடும். தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் அது உச்சி வழியாகவே போகும். 13 மீட்டர் நீளம் என்பதால் துருவ நட்சத்திரம் அளவுக்கு ஒளி, நல்ல கோணத்தில் அதைவிடச் சற்றுக் கூட. நகரத்தில் சிரமம். ஊருக்கு வெளியே, கண் இருட்டுக்குப் பழகியபின் எளிதில் பிடிபடும்.

அறிவிப்பைப் படிக்கும் முறை

கடப்பு நேரங்களைத் தரும் இலவச இணையதளங்களில் ஹெவன்ஸ்-அபவ் நீண்ட காலமாக இயங்குவது, நம்பத்தக்கது. நாசாவின் 'ஸ்பாட் தி ஸ்டேஷன்' விண்வெளி நிலையத்துக்கு மட்டும். கணினியில் ஸ்டெல்லேரியம் என்ற வானம் காட்டும் மென்பொருள் இருந்தால் அதன் செயற்கைக்கோள் இணைப்பை இயக்கிக்கொள்ளலாம். எதைத் திறந்தாலும் முதல் வேலை உங்கள் ஊரை அமைப்பது. அமைக்காவிட்டால் ஹெவன்ஸ்-அபவ் அட்சரேகை 0, தீர்க்கரேகை 0 என்று எடுத்துக்கொள்ளும். அது ஆப்பிரிக்காவுக்கு மேற்கே கினி வளைகுடாவில், நடுக்கடலில் இருக்கிறது. நேர மண்டலமும் அப்படியே: கிரீன்விச் நேரத்தில் நின்றுவிட்டால் ஐந்தரை மணி நேரம் பிசகும். 'மதியம் 1:40-க்குத் தெரியும்' என்று காட்டினால் அங்கேதான் கோளாறு.

பட்டியலில் ஒவ்வொரு கடப்புக்கும் பொலிவெண் ஒன்று, பிறகு தொடக்கம், உச்சம், முடிவு என்று மூன்று நேரங்கள், ஒவ்வொன்றுக்கும் உயரக் கோணமும் திசையும் இருக்கும். பொலிவெண் தலைகீழாக ஓடுகிற அளவு. எண் குறையக் குறைய ஒளி கூடும். ஒரு எண் வித்தியாசம் இரண்டரை மடங்கு. சிரியஸ் −1.5, அகத்திய நட்சத்திரம் −0.7, துருவ நட்சத்திரம் 2. நகரத்தில் 3-க்கு மேற்பட்ட எண்ணைத் தேடிப் பயனில்லை. உண்மையான இருட்டில் 6 வரை கண்ணுக்கு எட்டும்.

நாம் முதலில் பார்க்க வேண்டிய பத்தி பொலிவெண் அல்ல, உச்ச உயரம். 40 டிகிரிக்கு மேல் ஏறும் கடப்பை மட்டும் தேர்ந்தெடுத்தால் ஏமாற்றம் குறையும். 25 டிகிரிக்குக் கீழே தங்கிவிடுவதை அடுக்குமாடிகளுக்கு நடுவில் நின்று பார்க்க முடியாது. அடுத்து முடிவு உயரம். '48 டிகிரி, கிழக்கு' என்று முடிந்தால், அங்கே அது நிழலுக்குள் நுழைகிறது என்று பொருள்; அதற்குப்பின் தேட வேண்டாம். 10 டிகிரி என்று முடிந்தால் தொடுவானம்வரை தெரியும். 10-இலிருந்து 10 வரை முழுவதும் தெரிகிற உச்சிக் கடப்புக்கு ஆறரை நிமிடம் பிடிக்கும். அதில் தொடக்கத்தில் நகர்வது அவ்வளவாகத் தெரியாது. நம்மை நோக்கி வருவதால் ஒரே இடத்தில் நிற்கிற விண்மீன் மாதிரி இருக்கும். பொறுமை இழந்து வேறு பக்கம் திரும்புவது இந்த நேரத்தில்தான்.

கோணம் அளக்கக் கருவி வேண்டாம். கையை முழுக்க நீட்டி ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால் மடக்கிய முட்டி 10 டிகிரி, விரித்த சாண் 20 டிகிரி, சுண்டுவிரல் அகலம் ஒரு டிகிரி. குழந்தைக்கும் இதே கணக்குதான்; கை சிறிதானாலும் நீளமும் அதற்கேற்பச் சிறிது.

அந்தத் தளங்கள் தரும் வட்டமான வான வரைபடத்தில் ஒரு பொறி இருக்கிறது. வடக்கு மேலே இருக்க, கிழக்கு இடப்பக்கம் இருக்கும். அச்சுப் பிழை என்று நினைக்க வேண்டாம். நில வரைபடத்தைக் குனிந்து பார்க்கிறோம், வான வரைபடத்தை அண்ணாந்து பார்க்கிறோம். தாளையோ போனையோ தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தால் எல்லாம் சரியாகப் பொருந்தும். போனின் திசைகாட்டியை மட்டும் நம்பாதீர்கள். காந்த மூடி போட்ட உறையும், மாடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகளும், பக்கத்தில் நிற்கும் வண்டியும் அதை 30, 40 டிகிரிகூடத் திருப்பிவிடும். சூரியன் மறைந்த இடத்தைக் குறித்துக்கொண்டு அங்கிருந்து திசை எண்ணுவது மேல். அதுவும் ஜூனில் மேற்குக்கு வடக்கேயும் டிசம்பரில் தெற்கேயும் 24 டிகிரி தள்ளிப் போகும்.

கிழக்கே தடையில்லாத கடற்கரை மாலைக் கடப்புக்கு உகந்த இடம். காரணம் காட்சி அழகு மட்டும் அன்று. மாலையில் மேற்கே இருக்கும் விண்வெளி நிலையத்தின் இருண்ட பக்கத்தைத்தான் நாம் பார்க்கிறோம். வெயில் அதன் முதுகில் விழுகிறது. உச்சியைத் தாண்டிக் கிழக்கே போனதும் வெயில் பட்ட முகம் நம் பக்கம் திரும்புகிறது. ஒரே கடப்பில், சம உயரத்தில், கிழக்கே கூடுதல் பிரகாசமாக இருப்பது இதனால்தான். சென்னையிலிருந்து நாகப்பட்டினம் வரையும், இலங்கையில் முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பிலும் இருப்பவர்களுக்கு இது சும்மா கிடைக்கிற வசதி.

பரப்புதான் பேசும்

1957 அக்டோபர் 4-இல் ஸ்புட்னிக் ஏவப்பட்டபின் உலகமே வானத்தைப் பார்த்தது. ஆனால் மக்கள் கண்டதாகச் சொன்ன புள்ளி பெரும்பாலும் ஸ்புட்னிக் அல்ல. 58 செ.மீ. விட்டமுள்ள அந்தப் பந்து கண்ணுக்கு எட்டும் எல்லையில் இருந்தது. நன்றாகத் தெரிந்தது, கூடவே சுற்றிக்கொண்டிருந்த ராக்கெட்டின் பெரிய மைய உடல். அந்தக் காலத்தில் செயற்கைக்கோள்களைப் படமெடுத்துப் பாதையைக் கணிக்க அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் வானாய்வகம் உலகெங்கும் 12 இடங்களில் பேக்கர்–நன் கேமராக்களை நிறுவியது. அவற்றில் ஒன்று நைனிடாலில் இருந்தது.

1960-இல் பறந்த எக்கோ 1 இதற்கு நேர் எதிர். அலுமினியம் பூசிய பிளாஸ்டிக் தாளால் ஆன, 30 மீட்டர் விட்டமுள்ள பலூன். உள்ளே ஒன்றும் இல்லை. ஆனால் ஆயிரத்து ஐந்நூறு கி.மீ. உயரத்திலிருந்தும் நகரவாசிகளின் கண்ணில் பட்டது. எடையோ விலையோ ஒரு பொருட்டல்ல. வெயிலுக்குக் காட்டும் பரப்பே முடிவு செய்கிறது. இஸ்ரோ 2017 பிப்ரவரி 15-இல் ஒரே பி.எஸ்.எல்.வி.யில் 104 செயற்கைக்கோள்களை ஏவியபோது 'வானத்தில் தெரியுமா' என்று கேட்டவர்கள் உண்டு. அவற்றில் 88, செங்கலைவிடச் சற்றே பெரிய பெட்டிகள். தொலைநோக்கியிலும் திணற வேண்டும். 2022-இல் ஏவப்பட்ட புளூவாக்கர் 3 என்ற தொலைத்தொடர்புச் செயற்கைக்கோள் ஒன்றே ஒன்றுதான்; ஆனால் 64 சதுர மீட்டர் ஆன்டெனாவை விரித்ததும் வானத்தின் மிகப் பிரகாசமான விண்மீன்களின் வரிசையில் போய் நின்றது. வானியலாளர்கள் கவலைப்பட்டதில் நியாயம் இருக்கிறது.

பரப்போடு வழவழப்பும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு இரிடியம் என்ற தொலைபேசிச் செயற்கைக்கோள்கள் சான்று. 780 கி.மீ. உயரத்தில் சுற்றிய பழைய தலைமுறை இரிடியம் ஒவ்வொன்றிலும் கதவு அளவில் மூன்று ஆன்டெனாத் தகடுகள், கண்ணாடி போல. சரியான கோணத்தில் சூரியனை நம் ஊர்மேல் திருப்பிவிடும்போது சில விநாடிகளுக்கு −8 வரை எரிந்து அடங்கும். பகலிலேயே பார்த்தவர்கள் உண்டு. 2017-க்குப் பின் புதிய தலைமுறை வந்ததும் பழையவை ஒவ்வொன்றாகக் கீழே இறக்கப்பட்டன. செத்துப்போய் மேலேயே உருண்டுகொண்டிருக்கும் சில இன்னும் எப்போதாவது மின்னும். ஆனால் முன்போல நேரம் குறித்துச் சொல்ல முடியாது.

இணைய இணைப்புக்காக ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனம் ஏவும் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் தனிக் கதை. 2019 மே மாதம் முதல் 60 ஏவப்பட்டன. 2025-க்குள் சுற்றிக்கொண்டிருப்பவை ஏழாயிரத்தைத் தாண்டிவிட்டன. ஏவி முதல் சில நாள்களில், முந்நூறு கி.மீ. வாக்கில் தாழ்வாக, ஒன்றன்பின் ஒன்றாக நேர்கோட்டில் போகும் அந்த 'ரயில்'தான் வாட்ஸ்அப்பில் பரவி ஊரைக் கலக்குவது. பிறகு ஒவ்வொன்றும் தன் இடத்துக்கு ஏறிப் பிரிந்துவிடும். 550 கி.மீ. போய்ச் சேர்ந்து, வெயில் குறைவாகப் படும்படி பேனலைத் திருப்பிக்கொண்டபின் 5, 6 பொலிவெண்ணுக்கு மங்கிவிடும். நகரத்தில் தெரியாது. ரயிலைப் பார்க்க வேண்டுமானால் ஏவியதிலிருந்து ஓரிரு நாளுக்குள் பார்க்க வேண்டும். அறிவித்த நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்னும் பின்னும் இடம் விட்டுக்கொள்வது நல்லது. தொடர்ந்து உந்துபொறியை இயக்கி மேலேறிக்கொண்டிருக்கும் ஒன்றின் நேற்றைய பாதையை வைத்து இன்றைய நேரத்தைத் துல்லியமாகச் சொல்ல முடியாது.

தொடக்கத்தில் சொன்ன நேர விதிக்கு ஸ்டார்லிங்க் ஒரு விலக்கையும் காட்டுகிறது. சூரியன் 40 டிகிரி இறங்கிவிட்ட நேரத்தில், அதாவது அஸ்தமனமாகி இரண்டே முக்கால் மணி நேரத்துக்குப் பிறகு, சூரியன் இருக்கும் திசையில் தொடுவானத்தை ஒட்டி ஒரே இடத்தில் புள்ளிகள் ஒன்று மாற்றி ஒன்று சில விநாடிகள் மின்னி மறையும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் அப்பால், வெயில் இன்னும் எட்டும் இடத்தில் இருக்கும் செயற்கைக்கோள்களின் தட்டையான அடிப்பாகம் ஒளியைச் சறுக்கலாகத் திருப்பும்போது இது நடக்கிறது. விமானிகள் இதை வட்டமடிக்கும் மர்ம விளக்குகளாகப் பலமுறை புகார் செய்திருக்கிறார்கள்.

பெயர் தெரியாத புள்ளி

அறிவிப்பு எதையும் பார்க்காமல் அண்ணாந்தபோது ஒரு புள்ளி நகர்ந்தால், அதன் நடத்தையிலிருந்தே நிறையச் சொல்லலாம். முதலில் வேகம். உச்சியில், விநாடிக்கு ஒரு டிகிரி, அதாவது நிலவின் அகலம் போல இரண்டு மடங்கு கடந்தால் உயரம் 400 கி.மீ. அளவு. விநாடிக்கு அரை டிகிரி என்றால் 800 கி.மீ. சாணால் 20 டிகிரி அளந்து விநாடிகளை எண்ணினால் போதும். இருபது விநாடி என்றால் தாழ்ந்தது, நாற்பது என்றால் உயர்ந்தது. இந்தக் கணக்கு உச்சிக்கு அருகில் மட்டுமே செல்லும். தாழ்வாக இருக்கும்போது எல்லாமே மெதுவாகத்தான் போகும்.

பிறகு திசை. மேற்கிலிருந்து கிழக்கு என்றால் பூமியின் சுழற்சியைத் துணைக்கு வைத்து ஏவப்பட்டது. வடக்கு–தெற்காகப் போனால் துருவப் பாதை. பூமியைப் படமெடுப்பவையும் வேவு பார்ப்பவையும் அதில்தான் அதிகம். கிழக்கிலிருந்து மேற்காக ஒன்று போனால் குறித்துவைத்துக்கொள்ளுங்கள், அரிது. அண்டை நாடுகள்மேல் ராக்கெட் விழக்கூடாது என்று இஸ்ரேல் தன் ஓஃபெக் உளவுக் கோள்களை மத்தியதரைக் கடலுக்கு மேலாக மேற்கு நோக்கி ஏவுகிறது.

சீராக ஒளிராமல், சில விநாடிக்கு ஒருமுறை பளிச்சிட்டு மங்கினால் அது உருண்டுகொண்டிருக்கும் ராக்கெட் உடலாக இருக்கலாம். 850 கி.மீ. வாக்கில் 71 டிகிரி சாய்வில், சோவியத் காலத்திலிருந்து ஏவப்பட்ட ஜெனித் ராக்கெட்டுகளின் இரண்டாம் நிலைகள் ஏறக்குறைய 20 கிடக்கின்றன. ஒவ்வொன்றும் 11 மீட்டர் நீளம், 4 மீட்டர் தடிமன். ஊருக்கு வெளியே தற்செயலாக நம் கண்ணில் படுபவற்றில் இவற்றின் பங்கு கணிசமானது. இரண்டு புள்ளிகள் ஒரே இடைவெளியில் ஒன்றாகப் போனால், கடற்படைக் கண்காணிப்புக்காக இணையாக அனுப்பப்பட்ட அமெரிக்கக் கோள்களாக இருக்க வாய்ப்புண்டு.

விமானம் என்றால் சிவப்பும் பச்சையும் இருக்கும், விநாடிக்கொரு வெள்ளை மின்னல் இருக்கும். நெருங்கினால் சத்தம் வரும். எரிநட்சத்திரம் கண் சிமிட்டும் நேரத்தில் முடிந்துவிடும். விழுந்து எரியும் ராக்கெட் பாகம் அப்படி அல்ல: ஒரு நிமிடம்வரைகூட, துண்டு துண்டாக உதிர்ந்து, வால் நீட்டி, மெதுவாகப் போகும். 2022 ஏப்ரல் 2 இரவு மகாராஷ்டிரத்திலும் மத்தியப் பிரதேசத்திலும் மக்கள் கண்டது சீன ராக்கெட்டின் கடைசி நிலை என்று கணிக்கப்பட்டது. சந்திரப்பூர் மாவட்டத்தில் ஒரு பெரிய உலோக வளையம் விழுந்து கிடந்தது. அப்படி ஏதாவது கிடைத்தால் தொடாமல் காவல் நிலையத்துக்குச் சொல்ல வேண்டும். எரிபொருள் மிச்சமிருந்தால் அது நஞ்சாக இருக்கலாம்.

நம் கண்ணே செய்யும் குளறுபடி ஒன்றும் உண்டு. சுற்றிலும் இருட்டாக, ஒற்றைப் புள்ளியை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் அசையாத விண்மீனும் அலைவதுபோல் தோன்றும். நேராகப் போகும் செயற்கைக்கோள் நெளிந்து நெளிந்து போவதுபோல் இருக்கும். 'சட்டென்று திரும்பியது' என்ற சாட்சியங்களில் பல இப்படி வந்தவை. ஒரு மின்கம்பத்தின் நுனியையோ இரண்டு விண்மீன்களையோ ஆதாரமாக வைத்துக்கொண்டு பார்த்தால் தெளிந்துவிடும். மிகவும் மங்கலானதை நேராகப் பார்க்காமல் சற்றுப் பக்கவாட்டில் பார்த்தால் நன்றாகத் தெரியும். விழித்திரையின் ஓரத்தில்தான் மங்கல் ஒளிக்கான உணர்செல்கள் அதிகம். அதற்கும் இருட்டில் 15, 20 நிமிடம் இருந்திருக்க வேண்டும். இடையில் ஒருமுறை போனைத் திறந்தால் மறுபடியும் முதலிலிருந்து.

படம் எடுக்க, போனை அசையாமல் நிறுத்தி, கைமுறை அமைப்பில் ஐ.எஸ்.ஓ. (ஒளி உணர்திறன்) 400 முதல் 800 வரை, 15 விநாடி திறப்பு போதும். தானியங்கி இரவுப் பயன்முறை பல சட்டகங்களை அடுக்கும்போது நகரும் கோட்டையே 'இரைச்சல்' என்று நீக்கிவிடுவது உண்டு. படத்தில் செயற்கைக்கோள் இடைவெளியற்ற கோடாக விழும். விமானம் புள்ளி வைத்த கோடாக. எரிநட்சத்திரம் நடுவில் தடித்து இரு முனையும் கூராக. நிலவையோ சூரியனையோ விண்வெளி நிலையம் குறுக்கே கடப்பதைப் பிடிக்க நினைத்தால் சில கிலோமீட்டர் அகலமுள்ள பட்டைக்குள் நின்றாக வேண்டும், காட்சியும் ஒரு விநாடிக்குள் முடிந்துவிடும். சூரியன் என்றால் முறையான வடிகட்டி இல்லாமல் கண்ணையோ லென்ஸையோ திருப்பவே கூடாது.

பார்த்தது எது என்று உறுதிசெய்ய மூன்று குறிப்புகள் போதும்: எந்த நேரம், எந்த விண்மீனுக்கு அருகில் போனது, எந்தப் பக்கம் போனது. நேரத்தைப் போன் கடிகாரத்தில் நிமிடமாகக் குறித்தால் போதாது, விநாடி வேண்டும். உச்சிக்கு அருகில் ஒரு நிமிடத்தில் அது வானத்தின் மூன்றில் ஒரு பங்கைக்கூடக் கடந்துவிடுகிறது. ஹெவன்ஸ்-அபவ் தளத்தில் அன்றைய தேதிக்குரிய 'பிரகாசமான செயற்கைக்கோள்கள்' பட்டியலைத் திறந்து, அந்த நேரத்துக்கு ஓரிரு நிமிடம் முன்பின் உள்ளவற்றின் வரைபடங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். நீங்கள் குறித்த விண்மீனை உரசிப் போகும் கோடு பெரும்பாலும் ஒன்றுதான் இருக்கும். எதுவும் பொருந்தாவிட்டால், பொலிவெண் எல்லையை 5-க்கு மாற்றித் தேடுங்கள். அப்போதும் இல்லை என்றால் தனியாகப் பட்டியலிடப்படும் ஸ்டார்லிங்க் பக்கத்தையும், பிறகு அந்த நேரத்து விமானத் தடங்களைக் காட்டும் தளங்களையும் பார்த்துவிட்டு, சுற்றுப்பாதை வெளியிடப்படாத உளவுக் கோளா என்ற கேள்விக்கு வரலாம்.